நாலாவது வரி

அந்தத் தாளை மேசைமேலேயே வையுங்களம்மா. கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு வரி இருக்கும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் இதே போலத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அது மஞ்சள் தாள். இது வெள்ளை. அவ்வளவுதானே வித்தியாசம்?

முதல் வரி, பிறப்புறுப்பில் புண்ணோ கட்டியோ எரிச்சலோ இருந்தால் வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இரண்டாவது, புண் தானாக ஆறினாலும் நோய் ரத்தத்தில் இருக்கும். மூன்றாவது, போலி வைத்தியரிடம் போக வேண்டாம், சிகிச்சை இலவசம், ரகசியம் காக்கப்படும். நாலாவது வரியைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் போனில் பதிவு செய்வதை இப்போது போட வேண்டாம். பழைய ஆட்களுக்கு என் குரல் தெரியும், அதனால் உங்கள் முகாம் வண்டியில் நான் பேசினால் காது கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள். சரிதான். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்ட பிறகும் இந்தக் குரல்தான் வேண்டும் என்றால் பேசித் தருகிறேன்.

என் பெயர் கோமதிநாயகம். மைக் நாயகம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சைக்கிள் ரிக்‌ஷாவில் முன்னால் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், பின்னால் ஒரு குழாய், காலுக்கடியில் பேட்டரி. மாசானம் மிதிப்பான், நான் பேசுவேன். புதுப்படம், ஜவுளிக்கடை, மாட்டுச்சந்தை, மூன்று நாள் தண்ணீர் வராது என்கிற நகராட்சி அறிவிப்பு, எல்லாம் நான்தான். காணாமல் போன பிள்ளைக்கு மட்டும் காசு வாங்கியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. பள்ளிக்கூடம் வந்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வந்தால் அமர்த்திவிட வேண்டும். சாவு வீடு இருக்கிற தெரு என்றால் முனையிலேயே மைக்கை அமர்த்திவிட்டு, வண்டியிலேயே எழுந்து நின்று, தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வீடு தாண்டும்வரை கும்பிட்டபடி போக வேண்டும். யாரும் எழுதி வைத்ததல்ல. ஆனால் அதை மீறினவனுக்கு ஊரில் அடுத்த விளம்பரம் கிடைக்காது.

என் மனைவி பெயர் சண்முகத்தாய். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவளை நான் ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வசவு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் இந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கல்யாணமான மறு வருஷம் வெளியூரில் ஒரு பொருட்காட்சிக்கு நாற்பது நாள் மைக் சொல்லப் போனேன். கூட நாலைந்து பேர். வயது அப்படி. எல்லாரும் ஒரு இடத்துக்குப் போனார்கள், நானும் போனேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு புண் வந்தது. வலி கிடையாது. வலிக்காததை யார் பெரிதாக நினைப்பார்கள்? தானாக ஆறியும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையெல்லாம் செம்புள்ளி.

மாசானம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது சூடு. கத்திக் கத்தி ஒங்க ஒடம்புல சூடு ஏறிப்போச்சு. நாலு எளநி குடிங்க, சரியாப்போவும்" என்றான்.

இளநீர் குடித்தேன். பிறகு, மாதம் ஒரு முறை பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் வந்து தங்குகிற வைத்தியரிடம் போனேன். அவருக்கும் நான்தான் விளம்பரம் சொல்வேன். 'தீராத மேக வியாதிகள் தீரும்' என்று எத்தனையோ தெருவில் சொல்லியிருக்கிறேன். என் குரலை நானே நம்பிப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு டப்பா லேகியம் கொடுத்து, "பொம்பளைச் சீக்கு. ஒரு மண்டலம் சாப்பிடும்" என்றார். பொம்பளைச் சீக்கு. அப்படித்தான் அதற்குப் பெயர் சொல்வோம் அப்போது. ஆம்பளையிடமிருந்து வந்தாலும் அதுதான் பெயர்.

லேகியம் கேட்கவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினாறாம் நம்பர் அறை, கடைசி வராந்தா. சுவரைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் என் குரல் தெரியும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. பெயர் கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டி, எழுதிக் கொடுத்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கு செவ்வாய் மூன்று ஊசி, இடுப்பில். டாக்டர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அப்ப அடுத்த வாரம் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டாத்தான் பிரயோசனம்."

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர். காய்ச்சல்கூட வந்ததில்லை."

"ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். இந்த நோயோட குணமே அதுதான். நாளைக்குப் பிள்ளை உண்டானா அதுக்கும் போகும். புரியுதா?"

புரிந்தது என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஊசி போட்டால் இரண்டு நாளைக்குக் காலை ஊன்ற முடியாது. வீட்டில் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். சண்முகத்தாய் கல் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுத்தாள். அடுத்த செவ்வாயும் விழுந்தேன். அதற்கடுத்த செவ்வாயும். "அந்த மாசானத்துக்குக் கண்ணு தெரியாதா, எந்தப் பள்ளத்துல விடுதான்?" என்று கேட்டுக்கொண்டே ஒத்தினாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. என்ன சொல்லிக் கூட்டிப்போவேன்? நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு இது லேசாகத் தெரியலாம். மூன்றாவது வாரம் டாக்டர் அவள் பெயருக்கு ஒரு சீட்டு எழுதியே கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன். எனக்குத்தான் குணமாகிவிட்டதே, இனி என்னிடமிருந்து அவளுக்கு எப்படி வரும் என்று கணக்குப் போட்டேன். முன்னாலேயே போயிருக்கும் என்பதை நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றா சொன்னேன்? நினைக்காமல் இருந்துகொண்டேன்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. ஆண். தீப்பெட்டி மருந்து வாடை ஆகவில்லை என்றார்கள் தெருவில். இவளும் அதை நம்பினாள். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தாள்.

அதற்கு அடுத்த தையில்தான் இன்ஸ்பெக்டர் அந்த மஞ்சள் தாளைக் கொண்டுவந்தார். பதினைந்து நாள் முகாம், ஊரெல்லாம் மைக் சொல்ல வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "உங்க குரல்ல சொன்னாத்தான் ஜனம் கேக்கும்" என்றார். நீங்கள் சொன்னதேதான். தாளை வாங்கிப் படித்தேன். நாலாவது வரி இது: கணவன் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் போதாது, மனைவியும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் இருக்கும் குழந்தை இறந்து பிறக்கலாம்.

இறந்து பிறக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. குழந்தைக்கும் போகும் என்றுதான் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையை நான் முதலில் பார்த்தது அந்தத் தாளில்தான்.

அப்போது சண்முகத்தாய்க்கு மறுபடி நாலாம் மாதம்.

ஊரெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். சந்தைப்பேட்டை, ரத வீதி, காலனி, ரயில்வே கேட். நாலாவது வரியை அழுத்தம் கொடுத்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டரே கேட்டுவிட்டுத் தட்டிக்கொடுத்தார். எங்கள் தெரு முனை வந்ததும் மைக்கை அமர்த்தினேன். எழுந்து நின்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாசானம் திரும்பிப் பார்த்தான். "யாரு அண்ணாச்சி செத்தது?"

"உள்ள ஒரு வீட்டுல. நீ மிதி."

நாலாம் நாளும் அப்படியே செய்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊர்லயே ஒங்க தெருவுலதான் அண்ணாச்சி சாவு அதிகம். நாலு நாளா ஒரே வீடா, இல்ல வீட்டுக்கு ஒண்ணா?" என்றான்.

அவன் பகடிக்குத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே இவள் கேட்டாள். "எல்லாத் தெருவுலயும் என்னமோ சொல்லுதீகளாம். நம்ம தெருவுக்கு வந்தா மட்டும் மைக்க அமத்திருதீகளே, ஏன்?"

"வீட்டுப்பக்கம் வந்தாவது தொண்டைக்கு ஓய்வு வேண்டாமா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று குழம்பு ஊற்றினாள்.

அந்தப் பிள்ளை எட்டாம் மாதம். அதுவும் அப்படியே. பெண். முடியெல்லாம் இருந்தது.

எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து, உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம். தெருமுனையில் ஒரு மைக் சத்தம். எங்கள் ஊரில் இன்னொருவனும் மைக் சொல்வான். அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஏதோ படத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். வந்த சத்தம் பாதி வார்த்தையில் நின்றது. ரிக்‌ஷா செயின் சத்தம் மட்டும் வாசல் வழியாக மெதுவாகப் போனது. கதவு இடுக்கில் பார்த்தேன். அவன் வண்டியில் எழுந்து நின்று, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி போனான்.

எத்தனை வருஷமோ நான் அமர்த்தியிருக்கிறேன். அமர்த்தின மைக் உள்ளேயிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கவில்லை, உங்கள் முகம் கேட்கிறது. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த நிலையில் போய், இது உன் உடம்புக் கோளாறில்லை, என்னால் வந்தது என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தேன். தேறினாள். தேறினவளிடம் எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று இருந்தேன். கழுகுமலைக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு செவ்வாய் விடாமல் விரதம் இருந்தேன். அவளுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷமும் முகாம் வந்தது. அதே தாள். ஒருநாள் மத்தியானம் தீப்பெட்டிக் கம்பெனியின் மேல ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னேன். சாப்பாட்டு நேரம், பெண்கள் எல்லாம் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் குரல் தானாக எழும்பும். நாலாவது வரியை இரண்டு தடவை சொன்னேன். மாசானம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனான். சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவி வேலை பார்த்தது கீழ ஆபீஸில். அதனால் எனக்குப் பயமில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இன்னைக்கு எங்களை மேல ஆபீஸுக்கு மாத்திவிட்டாக" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள். மேல ஆபீஸில் கூலி கூடவா குறைவா என்று நான் கேட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் அவளுக்கு இடுப்பு வலி. ஒருபக்கமாகவே படுத்திருந்தாள். எழுந்து நடக்கும்போது காலைச் சாய்த்து வைத்தாள். என்ன என்று கேட்டேன். "ஒரே இடத்துல உக்காந்து உக்காந்து வேலை பாக்கோம்லா, அதான்" என்றாள். போய்விட்டது. மறு வாரம் மறுபடி. அதற்கு அடுத்த வாரம் மறுபடி. நான் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உப்பு வறுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. வீட்டில் உப்பு இருந்தது. அடுப்பும் இருந்தது.

மறுவருஷம் புஷ்பலதா பிறந்தாள். முழு மாதம், நல்ல அழுகை. தெருவே கேட்டது. கழுகுமலைக்கு நடந்து போய் முடி இறக்கினேன். முருகன் கொடுத்த பிள்ளை என்று எல்லாரிடமும் சொன்னேன். சண்முகத்தாய் மறுத்துச் சொன்னதில்லை. "ஆமா, நடந்துதான் வாங்கிட்டு வந்தோம்" என்பாள். நான் நடந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஆவணியில் போய்விட்டாள். நெஞ்சு வலி. ஐம்பது தாண்டவில்லை. பதினாறாம் நாள் கழித்து அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்கெல்லாம் அடியில் ஒரு மஞ்சள் நோட்டீஸ். பெட்டிக்குள் விரிக்க வைத்திருப்பாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். விரிக்க வைத்திருந்தால் விரித்தல்லவா இருக்கும்? அது நாலாக மடித்திருந்தது. மடிப்புக்குள் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. பெயர் சண்முகத்தாய். வயது இருபத்தைந்து. அறை எண் பதினாறு. மூன்று தேதி போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஊசி போட்ட அடையாளம். அந்த அறையில் அப்போது செவ்வாய்க்கிழமைதான் ஊசி. கீழே, கணவருக்குச் சிகிச்சை என்ற இடத்தில் 'ஆயிற்று' என்று எழுதியிருக்கிறது.

யார் சொன்னது? நான் சொல்லவில்லை. உப்பு ஒத்தடம் கொடுத்த கை சொல்லியிருக்கிறது.

சுவரைப் பார்த்த அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் அங்கே யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இருபத்துநாலு வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். கோபத்தில் கேட்காமல் இருந்தாளா, மன்னித்துவிட்டாளா, அதுவும் தெரியவில்லை. நானும் ஒரு நாள் அவளைக் கை நீட்டி... அதை முன்னாலேயே சொன்னேன் அல்லவா?

இப்போது சில நாள் மத்தியானம் படுத்திருக்கும்போது தெருமுனையில் மைக் வருகிற மாதிரி இருக்கும். வந்துகொண்டே இருந்து, நம் வீட்டுப் பக்கத்தில் பாதி வார்த்தையில் நிற்கும். எழுந்து வாசலுக்குப் போவேன். வண்டி எதுவும் இருக்காது. நின்ற சத்தம் மட்டும் இருக்கும். சத்தம் நின்றது எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள். கேட்கிறது.

சரி. போனை எடுங்கள். பேசித் தருகிறேன்.

இருங்கள், அதற்கு முன்னால் ஒன்று. என் மகள் புஷ்பலதா இங்கே என்னோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாப்பிள்ளை போர்வெல் வண்டியில் வேலை, வடக்கே போனால் மூன்று நாலு மாதம் கழித்துத்தான் வருவார். தங்கமான மனிதர். ஒரு நாள் அவளை அதட்டிப் பேசியதில்லை. போன மாதம் வந்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி மேலிருந்து விழுந்துவிட்டாராம். லீவில் வந்தவர் எந்த வண்டியில் ஏறினார் என்று அவள் கேட்கவில்லை. அடுப்பில் உப்பை வறுத்து, துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் அம்மா முடிகிற மாதிரியே முடிச்சு. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுந்திருப்பார். போர்வெல் வண்டி உயரமானது. அடுத்த வாரமும் விழுந்தார்.

இன்னும் குழந்தை இல்லை. நாள் தள்ளிப் போயிருக்கிறதோ என்று நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது.

நான் எப்படிச் சொல்வேன்? தகப்பன் மகளிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் தெருவுக்கு உங்கள் வண்டி பத்து மணிக்கு மேல் வரட்டும். அவள் இருக்கும்போது வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் குரலை நான் கேட்க முடியாது.

பத்து மணிக்கு மேல் அவள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் இருப்பாள். தேரடிக்குப் பின்னால், பச்சை கேட். பாக்கிங் பிரிவு. ஒன்றேகாலுக்குச் சாப்பிட வெளியே வருவார்கள். எதிரே புங்கமரம், நிழலில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. சாவு வீடு எதுவும் கிடையாது. யாராவது சொன்னாலும் டிரைவர் கேட்க வேண்டாம்.

நோட்டீஸ் கொடுக்க ஆள் வருமா? வந்தால் சரி. ஒருத்தர் விடாமல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது போடுங்கள் போனை. நாலாவது வரியை இரண்டு தடவை சொல்கிறேன்.